எந்தக் கடனை முதலில் அடைப்பது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"ஐயா, வணக்கம். எனக்கு 38 வயது. வீட்டுக்காரர் மணலியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. பிடித்தம் போக 26,000 ரூபாய் வருகிறது. நான் வீட்டில் பிளவுஸ் தைத்து மாதம் 9,000 வரை சம்பாதிக்கிறேன். உரிமைத் தொகை 1,000 வருகிறது. இரண்டு பிள்ளைகள், பெரியவள் பத்தாவது. வாடகை, மளிகை, கரண்ட், ஸ்கூல் என்று 24,000 போய்விடும்.

மாமியாரின் ஆஸ்பத்திரி செலவில் ஆரம்பித்தது. இப்போது கிரெடிட் கார்டில் 96,000 நிற்கிறது, மாதம் மினிமம் 4,800 கட்டுகிறோம். பர்சனல் லோன் டியூ 5,400, இன்னும் 16 மாதம். குழு லோன் வாரம் 850, இன்னும் 30 வாரம். என் நகை ஐந்து சவரன் சேட்டு கடையில் 1,40,000-க்கு இருக்கிறது, இரண்டு வட்டி. தண்டலில் 20,000 எடுத்தேன், தினம் 200, இன்னும் 60 நாள் பாக்கி. போனில் இரண்டு லோன் ஆப்பில் எட்டாயிரம் எடுத்தது 14,000 ஆகிவிட்டது. அண்ணனிடம் கைமாத்து 40,000. தண்டலும் ஆப் லோனும் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

ஆப்காரர்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு என் தங்கச்சிக்குப் போன் போட்டு அசிங்கமாகப் பேசினார்கள். 15,000 கட்டினால் கார்டு கடனைப் பாதியில் முடித்துத் தருகிறோம் என்று ஒரு கம்பெனியில் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், பேசாமல் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடுங்கள் என்கிறார். எல்லாவற்றையும் அடைக்க ஒரே பெரிய லோன் போடலாமா? தலைக்கு மேலே போய்விட்டது, இனி சாண் என்ன, முழம் என்ன என்று இருக்கிறது. சில நாள், இருந்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்த நினைப்பு வரும் நாளில் தனியாக உட்கார்ந்து கணக்குப் போடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்கோ 104-க்கோ போன் செய்யுங்கள். இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். தங்கச்சியிடமாவது சொல்லுங்கள். நீங்கள் எழுதிய தொகைகளை நான் கூட்டிப் பார்த்தேன். இனி கட்டவேண்டிய அசல் எல்லாம் சேர்ந்து சுமார் நாலு லட்சம். உங்கள் வீட்டு வருமானத்தில் இது மூன்றரை, நான்கு வருடத்தில் தீரக்கூடிய கடன். உங்களைச் சமாதானப்படுத்த இதைச் சொல்லவில்லை. கணக்கைக் கீழே தருகிறேன், நீங்களே பாருங்கள்.

சாண் என்ன, முழம் என்ன என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருடம் அரசு வங்கியில் கடன் பிரிவில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துக் கிளைகளில்தான். இந்த வார்த்தையை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அப்படி நினைத்துவிட்டால் எல்லாக் கடனும் ஒன்றுபோலத் தெரியும். யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் பணம் போகும். உங்களிடம் நடப்பதும் அதுதான். தினம் வாசலில் நிற்பதால் தண்டலுக்குப் போகிறது, போனில் மிரட்டுவதால் ஆப்புக்குப் போகிறது. சத்தமே போடாமல் மாதம் நாலாயிரம் ரூபாயைத் தின்னும் கார்டு ஒரு ஓரமாக நிற்கிறது. துணியை அளக்காமல் கத்திரி வைக்க மாட்டீர்கள். கடனையும் அப்படி ஒவ்வொன்றாக அளக்க வேண்டும்.

மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வருமானம் 36,000, செலவு 24,000, மீதி 12,000. கடனுக்குப் போவது: கார்டு 4,800, பர்சனல் லோன் 5,400, குழு லோன் மாதத்துக்குச் சுமார் 3,700, தண்டல் 6,000, சேட்டு வட்டி 2,800. ஆப்பைச் சேர்க்காமலே 22,700. கையில் மிஞ்சுவதைவிட மாதம் 10,700 அதிகம். அந்தப் பள்ளத்தை மூடத்தான் ஆப் லோன் வந்தது, அதற்கு முன்பு தண்டல் வந்தது. நீங்கள் வீண்செலவு செய்யவில்லை, அம்மா. 24,000-இல் ஒரு குடும்பத்தை நடத்துவதே பெரிய காரியம். உங்கள் கடன்கள் ஒன்றையொன்று பெற்றுப்போட்டுக்கொண்டே இருக்கின்றன, அவ்வளவுதான்.

சரி, இப்போது ஒவ்வொன்றாக அளப்போம்.

தண்டலில் 20,000 என்று எழுதினீர்கள். கைக்கு வந்தது 17,000-ஆகத்தான் இருக்கும். இந்தப் பக்கம் வழக்கமாக அப்படித்தான் பிடித்துக்கொண்டு கொடுக்கிறார்கள். மூவாயிரம்தானே, பதினைந்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 17,000 நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை. தினம் 200 திரும்பப் போகிறது, அதனால் சராசரியாக உங்களிடம் இருப்பது 8,500 ரூபாய்தான். 8,500-க்கு நூறு நாளில் 3,000 வட்டி. வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 120 சதவீதத்தைத் தாண்டும்.

கார்டைப் பாருங்கள். ஸ்டேட்மென்ட்டில் மாத வட்டி எவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் மூன்றரையை ஒட்டி இருக்கும், 3.6 என்று வைத்துக்கொள்வோம். 96,000-க்கு ஒரு மாத வட்டி 3,456. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 622. இரண்டும் சேர்ந்து 4,078. நீங்கள் கட்டும் 4,800-இல் அசலில் கழிவது 722 ரூபாய். மினிமம் டியூ என்று பெயர் வைத்திருப்பதால் கடமையை முடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். இதில் இன்னொன்றும் இருக்கிறது. பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாக எதை வாங்கினாலும், வழக்கமான வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே இன்றே அந்தக் கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சேட்டு கடையில் இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். குழு லோனும் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல்தான். உங்கள் பர்சனல் லோன் 18 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அண்ணனிடம் வாங்கியதற்கு வட்டி இல்லை, ஆனால் அதற்கு வேறு மரியாதை உண்டு.

அளந்து பார்த்தபின் எனக்குத் தெரியும் வழி உங்கள் நகைதான். விற்கச் சொல்லவில்லை. ஐந்து சவரன், 40 கிராம். இன்று விற்கும் விலையைவிடக் குறைத்து கிராம் 9,000 என்றே வைத்தாலும் 3,60,000 ரூபாய் பெறும். வங்கியில் மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் கொடுப்பது நீண்டநாள் வழக்கம், அதன்படி 2,70,000. கல், மெழுகு இருந்தால் அந்த எடையைக் கழிப்பார்கள். சேட்டு கடையில் நீங்கள் வாங்கியிருப்பது அதில் பாதி, வட்டியோ இரண்டு மடங்குக்கு மேல். வங்கிகளில் நகைக்கடன் வட்டி வருடத்துக்கு 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. கூட்டுறவு வங்கியிலும் விசாரியுங்கள்.

நகையை வங்கிக்கு மாற்றி, அதில் சேட்டு 1,40,000, தண்டல் 12,000, ஆப் 14,000, கார்டு 96,000 நான்கையும் முடித்தால் மொத்தம் 2,62,000. 10 சதவீதத்தில் மாத வட்டி சுமார் 2,200. அதோடு பர்சனல் லோன் 5,400, குழு லோன் 3,700. ஆக மாதம் 11,300. உங்கள் கையில் மிஞ்சுவது 12,000. இறுக்கம்தான், ஆனால் புதிதாகக் கடன் வாங்காமல் மாதம் முடியும். ஏழு மாதத்தில் குழு லோன் தீரும். அந்த 3,700 நகைக்கடனின் அசலுக்குப் போகட்டும். 16 மாதத்தில் பர்சனல் லோன் தீரும். அந்த 5,400-உம் அங்கேயே போகட்டும். அதிலிருந்து இரண்டு வருடம், இரண்டே கால் வருடத்தில் நகை வீட்டுக்கு வரும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில், ஜூன் மாத யூனிபார்ம் சீசனில் உங்களுக்குக் கூடுதலாக வரும் தையல் கூலி அந்த நாளை இன்னும் முன்னால் கொண்டுவரும். அண்ணனின் பணத்தைக் கடைசியில் கொடுங்கள். ஆனால் கடைசியில்தான் தருவேன் என்பதை இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. கார்டு கடனுக்கு எதுவும் அடமானம் இல்லை. கட்டாவிட்டால் போன் வரும், நோட்டீஸ் வரும், சிபில் (நீங்கள் கடன் கட்டிய வரலாற்றுப் பதிவு) கெடும், அவ்வளவுதான். அதை நகைக்கடனாக மாற்றியபின் கட்டத் தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். எல்லோருக்கும் இந்த யோசனையைச் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டுக்காரரின் கான்ட்ராக்ட் அடுத்த வருடமும் தொடரும் என்று ஓரளவு நிச்சயம் இருந்தால் மட்டும் கார்டையும் சேர்த்து முடியுங்கள். அங்கே ஆட்குறைப்பு பேச்சு எதுவும் இருந்தால், சேட்டு, தண்டல், ஆப் மூன்றை மட்டும் நகைக்கடனில் முடித்துவிட்டு, கார்டு பாக்கியைத் தவணையாக மாற்றித் தரும்படி அந்த வங்கிக்கு எழுதுங்கள். அப்போதும் வட்டி இப்போதைவிடக் குறைவாகத்தான் வரும். எப்படி முடித்தாலும், பாக்கி தீர்ந்த அன்றே கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கேட்ட ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. மூடாமல் வைத்திருந்தால் அடுத்த ஆஸ்பத்திரி செலவுக்குக் கை அங்கேதான் போகும்.

நகையை மீட்க 1,40,000-க்கு எங்கே போவேன் என்று கேட்பீர்கள். உங்கள் அடகுச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து சவரனையும் ஒரே சீட்டில் வைத்திருக்க மாட்டீர்கள். சங்கிலி மூன்று சவரன் ஒரு சீட்டில் 85,000-க்கும், வளையல் இரண்டு சவரன் இன்னொரு சீட்டில் 55,000-க்கும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் வளையல் சீட்டை மட்டும் மீட்கிறீர்கள். அதற்கு 55,000-உம் அன்றுவரைக்கான வட்டியும் வேண்டும். அதை அண்ணனிடம் ஒருநாள் பொழுதுக்குக் கேளுங்கள். வளையல் 16 கிராம், வங்கியில் வைத்தால் 1,08,000 வரும். அதில் 85,000-ஐ எடுத்துக்கொண்டு மறுபடி சேட்டு கடைக்கு வந்து சங்கிலியை மீட்டுக்கொள்ளுங்கள். சங்கிலியை வங்கியில் வைத்தால் 1,62,000 வரும். அண்ணனின் 55,000 அன்று மாலையே அவர் கைக்குப் போய்விடும். சீட்டு ஒன்றாகவே இருந்தால், நகையைப் பகுதி பகுதியாக மீட்க முடியுமா என்று கேளுங்கள். அடகுக் கடைக்கு உரிமம், ரசீது, வட்டிக்கு வரம்பு எல்லாம் 1943-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. கணக்கைத் தாளில் எழுதிக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கார்டு எந்த வங்கியுடையதோ அந்த வங்கியிலேயே நகையை வைக்காதீர்கள். ஒரு கடனில் பாக்கி இருந்தால், இன்னொரு கடனுக்கு வைத்த நகையை விடுவிக்க மறுக்கும் உரிமையை வங்கிகள் பிடித்துக்கொள்வது உண்டு. அப்புறம், வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகையில் போடாமல், வட்டியை மாதாமாதம் கட்டும் வகையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். மேலாளர் "இன்னும் முப்பதாயிரம் எடுத்துக்கலாமே" என்பார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்படிச் சொன்னவன்தான். கிளைக்கு இலக்கு இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும் அடைக்க ஒரே பெரிய லோன் என்று கேட்டீர்கள். நான் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அடமானமில்லாத பர்சனல் லோனாகப் போனால், இப்போது உங்களுக்கு இருக்கும் கடன் சுமைக்கு வட்டி ஏறித்தான் கிடைக்கும். கடனை அடைக்கக் கடன் வாங்கலாமா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இரண்டுதான்: புதுக் கடனின் வட்டி பழையதைவிடத் தெளிவாகக் குறைய வேண்டும், பழைய கணக்கு அன்றே மூடப்பட வேண்டும்.

தண்டல்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மொத்தமாக முடிக்கிறேன், மீதி நாளுக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். ஆயிரம் குறைந்தாலும் லாபம். பணத்தைக் கொடுக்கும் அதே நேரத்தில், எழுதிக் கொடுத்த புரோ நோட்டையும் கையெழுத்துப் போட்ட காலிச் செக்கையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு என்று சொன்னால் பணமும் நாளைக்குத்தான். இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. காசிமேட்டில் வலை பின்னும் ஒரு அம்மா, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை படகு கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் தண்டல் வாங்கி, முழுவதும் கட்டியும் முடித்துவிட்டார். செக்கை மட்டும் வாங்க மறந்துபோனார். ஒன்றரை வருடம் கழித்து அதில் 80,000 என்று எழுதி வங்கியில் போட்டார்கள். செக் திரும்பினால் அது குற்ற வழக்கு. நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். அவர் வழக்கிலிருந்து வெளியே வரப் பட்ட பாடு கொஞ்சமில்லை.

வாசலில் வந்து கத்தினால், மிரட்டினால் பயப்பட வேண்டாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2003-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. அரசு நிர்ணயித்த அளவுக்கு மேல் வட்டி வாங்கினால் மூன்று வருடம் வரை சிறை. 2025-இல் வந்த இன்னொரு மாநிலச் சட்டம், கடனை வசூலிக்க மிரட்டுவதையும் குடும்பத்தாரைத் தொல்லை செய்வதையும் தனியே குற்றமாக்கியிருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 15100-க்குப் போன் செய்யுங்கள். அது இலவச சட்ட உதவி எண். 1987-ஆம் வருட சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும். பாரிமுனையில் ஹைகோர்ட் வளாகத்துக்குள்ளேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து ஒரே பஸ். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் அந்தப் படியை ஏறியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் வலிக்கிறது.

இப்போது ஆப். உங்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான், ஆனால் அவர்களின் கை உங்கள்மேல் அவ்வளவு எட்டாது. முதலில் கடன் கொடுத்தது யார் என்று பாருங்கள். ஆப் என்பது கடைமுகப்புதான், அதற்குப் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவான ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆப்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. பெரியவளிடம் போனைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

பட்டியலில் இருந்தால், பாக்கிக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கி, நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே நேராகக் கட்டி, கடன் முடிந்த கடிதம் வாங்குங்கள். போனில் பேசும் ஆள் கொடுக்கும் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. பட்டியலில் இல்லாவிட்டால் அதை நேர்மையான கடனாக நினைத்து அவர்கள் சொல்லும் தொகைக்கெல்லாம் தலையாட்ட வேண்டாம். 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் கொடுங்கள். போட்டோவை மாற்றி அனுப்புவோம் என்று மிரட்டினாலும் அதே எண்தான். கட்டக் கட்ட கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு ஆப்பை அடைக்க இன்னொரு ஆப்பை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

ஆப்பை உடனே அழித்துவிடாதீர்கள். கடன் விவரம், கட்டிய தொகை, மிரட்டல் மெசேஜ் எல்லாவற்றையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு போன் செட்டிங்ஸில் போய் தொடர்பு எண்கள், போட்டோ பார்க்கும் அனுமதியை நிறுத்திவிட்டு ஆப்பை நீக்குங்கள். தங்கச்சிக்கு வந்த அழைப்பின் தேதி, நேரம், எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கடன் ஆப் போனிலிருக்கும் தொடர்பு எண்களைத் தொடவே கூடாது என்பது விதி. வசூலுக்குப் போன் செய்வதற்கும் நேரம் உண்டு: காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை போட்டது. பதிவான நிறுவனம் இதை மீறினால், அதன் குறைதீர் அதிகாரிக்கு முதலில் எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். எப்படி என்று 14448-இல் கேட்டால் சொல்வார்கள். அதற்கும் கட்டணம் கிடையாது.

தங்கச்சியிடம் நீங்களே பேசிவிடுங்கள். "எனக்கு ஒரு கடன் இருக்கு, அவனுங்க மறுபடி கூப்பிட்டா எடுக்காதே, நம்பரை மட்டும் எனக்கு அனுப்பு" என்று சொன்னால் போதும். விஷயம் தெரிந்தவர்களை வைத்து உங்களை மிரட்ட முடியாது.

15,000 கேட்கும் அந்தக் கம்பெனி பக்கம் போகாதீர்கள். இவர்கள் செய்வது என்னவென்றால், கார்டுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தச் சொல்வார்கள். மூன்று மாதம் கட்டாமல் போனால் அது வாராக்கடனாகும். அதன்பிறகு வங்கியே ஒரு தொகைக்கு இறங்கிவரும். அந்தப் பேரத்துக்கு இடையில் எவரும் தேவையில்லை, நீங்களே கடிதம் எழுதிக் கேட்கலாம். வியாசர்பாடி ஆட்டோக்காரர் ஒருவர் இப்படி ஒரு நிறுவனத்துக்கு இரண்டு தவணையாக 22,000 கட்டிவிட்டு என்னிடம் வந்தார். வங்கிக்கு அவர்கள் ஒரு மெயில்கூட அனுப்பியிருக்கவில்லை. நான் வங்கியில் இருந்த காலத்தில் பார்த்த எந்த மோசடியைவிடவும் இது எனக்குக் கோபம் வரவைக்கிறது, ஏனென்றால் கையில் கடைசியாக இருக்கும் பணத்தைக் குறிவைக்கிறார்கள்.

பேரம் பேசி முடிப்பதையும் நான் இப்போது உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அப்படி முடித்த கடன் சிபிலில் "முழுவதும் கட்டியது" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். பல வருடம் நிற்கும். பெரியவள் பத்தாவது படிக்கிறாள். இன்னும் இரண்டு, மூன்று வருடத்தில் கல்விக் கடனுக்கு வங்கி வாசலில் நிற்கும்போது அப்பா, அம்மாவின் சிபிலைப் பார்ப்பார்கள். கட்டவே வழியில்லாதவர்களுக்கு அது நல்ல வாய்ப்புதான். உங்களுக்கு வழி இருக்கிறது. சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம்; இப்போது ஒன்று எடுத்து வையுங்கள். நீங்கள் மறந்துபோன, அல்லது உங்கள் பெயரில் வேறு யாரோ எடுத்த கடன் ஏதாவது இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

மஞ்சள் கடுதாசி உங்களுக்குத் தேவையே இல்லை. சென்னை நகருக்குள் அது 1909-ஆம் வருட திவால் சட்டத்தின் கீழ் ஹைகோர்ட்டில் போட வேண்டிய மனு. தபாலில் கடுதாசி போட்டதும் கடன் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் நடக்காது. சொத்துக் கணக்கெல்லாம் கொடுக்க வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும், அடகில் இருக்கும் நகைக்கும் அது பாதுகாப்பு தராது.

குழு லோனை மட்டும் ஒரு வாரம்கூடத் தவறவிடாதீர்கள். அதன் சுமை உங்கள் தெருப் பெண்கள்மேல் விழும். நாளைக்கு உங்களுக்கு ஒரு கை வேண்டுமென்றால் அவர்கள்தான் வருவார்கள். கையில் பணம் சேர்ந்து முன்கூட்டியே முடித்தாலும் அதற்கு அபராதம் கிடையாது. ஆனால் "இன்னொரு சைக்கிள் போடலாம்க்கா" என்று, அதாவது அடுத்த சுற்றுக் கடன் எடுக்கச் சொல்லி, ஊழியர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, வீட்டுக்காரர். அவருக்குத் தெரியாமல் இந்தத் திட்டத்தை நடத்த முடியாது. நகை இடம் மாறுகிறது, மாதக் கணக்கு மாறுகிறது, எப்படியும் தெரிந்துவிடும். அவர் மணலியிலிருந்து நைட் ஷிப்ட் முடித்து வரும் காலையில் சொல்லாதீர்கள். வாரவிடுமுறை நாளில், பிள்ளைகள் வெளியே இருக்கும் நேரத்தில், ஒரு தாளில் கடன் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, அதன் கீழே அடைக்கும் வழியையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். கடனை மட்டும் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும். அவர் அம்மாவின் ஆஸ்பத்திரி செலவில் தொடங்கியது இது. உங்கள் பட்டுப்புடவைக்கு ஆனதல்ல. தலை குனிந்து சொல்ல வேண்டிய விஷயம் இதில் எதுவும் இல்லை. பேச்சு கைகலப்பாகும் என்ற பயம் உங்களுக்கு இருந்தால், அண்ணனைக் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அதன்பிறகு வங்கிக்குப் போய், நகை மதிப்பீட்டாளர் என்றைக்கு, எத்தனை மணிக்கு இருப்பார் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஆதார், பான், இரண்டு போட்டோ எடுத்து வையுங்கள். மாதத்தின் முதல் வாரம் வேண்டாம், கூட்டமாக இருக்கும். சேட்டு கடையில் சீட்டைக் கொடுக்கும் முன் அன்றைய தேதிவரை வட்டி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள், நகையை அங்கேயே எடை போட்டுப் பாருங்கள். வங்கிக்கும் கடைக்கும் இடையில் ஆட்டோவில் போங்கள், அன்று ஒருநாள் பஸ் வேண்டாம். அண்ணன் கூட வரட்டும்.